அறிவியல் புனைகதைப் பிராப்: நாமே செய்வதும் செய்யக் கொடுப்பதும்

பிராப், அதாவது படத்தில் நடிகர்கள் கையாளும் பொருள், அதன் நகலைச் செய்யப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த 3டி பிரிண்டர் வாங்கலாம் என்பதுதான். அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி வேறு. செய்யப்போகும் பொருளை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறார்கள்? ஒளிவாளோ, விண்வெளிக் கைத்துப்பாக்கியோ, கையடக்க ஸ்கேனரோ, எதுவாக இருந்தாலும் இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பொருள், செலவு, நேரம், யாரிடம் கொடுப்பது என்ற பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

படப்பிடிப்புக் குழுக்களே இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒரே ஆயுதத்துக்குப் பல பிரதிகள் இருக்கும். குளோசப்புக்கு உலோகத்தில், விளக்கோடும் சுவிட்சோடும் ஒன்று. அதை 'ஹீரோ' பிராப் என்பார்கள். சண்டைக் காட்சியில் விழுந்து புரள ரப்பரில் வார்த்த ஸ்டன்ட் பிரதி. பின்வரிசையில் நிற்கும் ஆட்களுக்கு அச்சில் வார்த்துச் சாயம் பூசிய சாதாரணத் துண்டு. அதனால் 'படத்தில் வருவது போலவே வேண்டும்' என்று சொன்னால் போதாது. எந்தப் படத்தில், எந்தக் காட்சியில், எந்தப் பிரதி? ஒரே படத்துக்குள்ளேயே காட்சிக்குக் காட்சி திருகாணியின் இடம் மாறியிருக்கும்.

பத்து மீட்டர் தள்ளி மேடையில் காட்டப்போகிறீர்கள் என்றால் ஃபோம் என்ற நுரைப்பலகையும் நல்ல பெயின்ட்டும் தாராளமாகப் போதும். அலமாரியில் வைத்து ஒரு மீட்டரில் பார்ப்பதென்றால் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தாக வேண்டும். வருகிறவர் கையில் கொடுத்து 'பிடித்துப் பாருங்கள்' என்று சொல்லும் எண்ணம் இருந்தால் கதையே மாறுகிறது. எடை, தொட்டவுடன் வரும் உலோகக் குளிர்ச்சி, சுவிட்சின் 'க்ளிக்' எல்லாம் கணக்கில் வரும். மூன்றாவது வகைக்கு ஆசைப்பட்டு முதல் வகைக்கான பணத்தோடு கிளம்புவதால்தான் பல வேலைகள் பாதியில் நிற்கின்றன.

படங்களைச் சேர்ப்பது

திரையில் நிறுத்தி எடுத்த படங்கள், படப்பிடிப்புத் தளப் புகைப்படங்கள், ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் வரும் தெளிவான படங்கள், கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் எடுத்தவை எனக் கிடைப்பதையெல்லாம் சேர்த்துப் பக்கவாரியாகப் பிரித்து வையுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேல், அடி, முன், பின். அடிப்பகுதிக்குப் படமே கிடைக்காது. எல்லாருக்கும் இதே கதைதான்.

அளவு எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பழைய அறிவியல் புனைகதைப் படங்களின் பிராப்கள் பல, கடையில் கிடைத்த நிஜப் பொருள்களை ஒட்டிச் செய்தவை. 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் பிடிக்கும் ஒளிவாளின் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமராவின் ஃபிளாஷ் குழாய். அதில் கறுப்புப் பட்டைகளையும், ஒரு கால்குலேட்டரிலிருந்து கழற்றிய குமிழ் லென்ஸ் துண்டையும் ஒட்டினார்கள். அதே படத்தில் ஹான் சோலோவின் துப்பாக்கி, மவுசர் சி96 பிஸ்டலின் மேல் தொலைநோக்கி மாட்டியது. 1982இன் பிளேடு ரன்னர் துப்பாக்கியில் ஸ்டெயர் மான்லிக்கர் ரைஃபிளின் பாகங்களும் சார்ட்டர் ஆம்ஸ் ரிவால்வரின் பாகங்களும் இருக்கின்றன.

இது நமக்கு எதற்கு என்றால், தொழிற்சாலையில் செய்த பொருளுக்கு நிலையான அளவு உண்டு. கிராஃப்ளெக்ஸ் குழாய்க்குள் மூன்று டி செல்கள், அதாவது பெரிய டார்ச் லைட்டில் போடும் தடித்த பேட்டரிகள், போகும். டி செல்லின் விட்டம் சுமார் 34 மி.மீ. ஆகவே குழாயின் உள்விட்டம் அதைவிடக் கொஞ்சமாவது கூட இருந்தே ஆக வேண்டும். இணையத்தில் யாரோ ஏற்றிய வரைபடம் உள்விட்டம் 30 மி.மீ. என்று சொன்னால் அதை அந்த இடத்திலேயே மூடிவிடலாம். உங்கள் பிராப்பில் இப்படித் தெரிந்த பாகம் ஒன்று, ஒரு திருகாணியோ, பேட்டரியோ, சுவிட்சோ இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவே உங்கள் அளவுகோல்.

புகைப்படத்திலிருந்து அளக்கும்போது இரண்டு விஷயம் ஏமாற்றும். கேமராவுக்கு அருகில் இருக்கும் முனை பெரிதாகத் தெரியும். அகலக்கோண லென்ஸில் எடுத்த படத்தில் இது மோசம். தூரத்திலிருந்து ஜூம் செய்து, பக்கவாட்டில் நேராக எடுத்த படமே நம்பத்தக்கது. அளவுகோலாக எடுக்கும் பாகமும், அளக்க வேண்டிய பாகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று நான்கு படங்களில் தனித்தனியே கணக்கிட்டுப் பார்த்து, ஒத்துவராததை ஒதுக்குங்கள். நடிகரின் கையை வைத்து அளக்காதீர்கள்.

கிடைத்த அளவில் உருவத்தை வரைந்து, உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிடச் சிறியதாகவோ பெரியதாகவோ இருக்கும். அட்டையில் திருத்துவதற்குச் செலவு இல்லை.

ஒரு பக்கத் தாள்

இனி எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம். நீங்களே செய்தாலும் இதை எழுதுங்கள். வேறொருவரிடம் கொடுப்பதென்றால் இதுதான் உங்கள் ஒப்பந்தத்தின் உயிர். எந்தப் படத்தின் எந்தக் காட்சிப் பிரதி, மொத்த நீளம், பார்க்கும் தூரம், சுமாரான எடை, எது அசைய வேண்டும், எது ஒளிர வேண்டும், புதியது போலவா தேய்ந்தது போலவா, அலமாரிக்கா உடையோடு நாள் முழுக்கத் தூக்கித் திரியவா, அதிகபட்சச் செலவு, எப்போது வேண்டும். கடைசியாக ஒரு வரி: எதை விட்டுக்கொடுக்கத் தயார்? இந்த வரியை எழுதாதவர்களே அதிகம். பணமும் நேரமும் இறுகும்போது விளக்கை விடுவதா, உலோகத்தை விடுவதா என்று முன்பே தெரிந்திருந்தால் தடுமாற்றம் இல்லை.

நாமே செய்வதா, கொடுப்பதா என்பதில் என் கருத்து இது: முதல் முறை இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள். வார்த்து, ஆனால் தேய்க்காமலும் சாயம் பூசாமலும் விற்கும் கிட்களை வாங்கி, முடிக்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பிராப்பின் அழகில் பெரும்பங்கு முடிக்கும் வேலையில்தான் இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ள வேறு வழியும் இல்லை. அதே போல், எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட்டு ஒரே ஒரு உலோகக் குழாயை மட்டும் லேத் பட்டறையில் கடைந்து வாங்குவதும் முழுக்க முறையான வழி. அப்படிச் செய்தால் 'நானே செய்தது' என்று சொல்ல முடியாதே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறை இல்லை.

செய்யத் தொடங்குவது

பெரிய கவசம், மேடைத் துப்பாக்கி போன்றவற்றுக்கு ஈ.வி.ஏ. ஃபோம் போல் எளியது எதுவும் இல்லை. கூர்மையான கத்தி, காண்டாக்ட் சிமெண்ட் என்ற பசை, வெப்பக்காற்றுத் துப்பாக்கி போதும். வெட்டிய பிறகு மேற்பரப்பில் வெப்பக்காற்றைக் காட்டினால் நுண்துளைகள் மூடி, பெயின்ட் உறிஞ்சுவது குறையும். குழாய் வடிவங்களுக்கு பி.வி.சி. குழாய் எப்போதும் கைகொடுக்கும். மற்றதற்கெல்லாம் இப்போது 3டி பிரிண்டர்தான்.

பிரிண்டரில் புதியவர்கள் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதை. நிஜப் பொருளில் இரண்டு பாகங்கள் சேரும் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே பிரியுங்கள். அந்தக் கோட்டைப் பிறகு மறைக்க வேண்டிய வேலையே இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பாகங்களுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். பாகத்தின் உள்ளே வலைபோல் அச்சாகும் உள்நிரப்பை அதிகமாக்குவதைவிடச் சுவரின் தடிமனைக் கூட்டுவது நல்லது. தேய்க்கும்போது சுவர் ஓட்டையாகிவிட்டால் பட்டி பார்த்தும் பலன் குறைவு.

பிரிண்டரில் போடும் பிளாஸ்டிக் இழைகளில் பி.எல்.ஏ. மலிவு, அச்சிட எளிது. ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள், கண்ணாடியை ஒட்டி வைத்த பொருள் அந்தச் சூட்டை எட்டிவிடும். நீளமான குழல் வாழைப்பழம் போல் வளைந்துவிடும். எடுத்துச் செல்லும் பொருளென்றால் பி.இ.டி.ஜி. இழையோ ஏ.பி.எஸ். இழையோ பாருங்கள்.

சின்னஞ்சிறு பாகங்களுக்கு, திரவ ரெசினை ஒளியால் இறுக்கி அச்சிடும் ரெசின் பிரிண்டர் அருமையான விவரம் தரும். கையுறை கட்டாயம், காற்றோட்டமும் கட்டாயம். உள்ளீடற்ற பாகமானால் வடிகால் துளை வையுங்கள். உள்ளே சிக்கிய திரவ ரெசின் மாதங்கள் கழித்துக்கூட விரிசல் விட்டு வெளியே கசியும், மேலே எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தாலும்.

தேய்க்கும் வேலை

யாருக்கும் பிடிக்காத இந்தக் கட்டத்தில்தான் பொம்மையும் பிராப்பும் பிரிகின்றன. சாதாரண 0.2 மி.மீ. அடுக்கில் அச்சான குழலை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகை போல் வரிகள் ஓடும். முதலில் 120 எண் உப்புத்தாளால் வரிகளின் உச்சியை மட்டும் எடுங்கள். சூடேறி இளகும் அளவுக்கு ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள். பிறகு சிறு பள்ளங்களை நிரப்பும் ஃபில்லர் பிரைமர் இரண்டு பூச்சு. காய்ந்ததும் அதன் மேல் வேறு நிறத்தில், சாம்பல் பிரைமர் என்றால் கறுப்பில், தூரத்திலிருந்து தூவினாற்போல் மெல்லிசாக ஒரு ஸ்ப்ரே. இனி தட்டையான கட்டையில் சுற்றிய 220 தாளால் தேய்க்கும்போது மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். எங்கே பட்டி பார்க்க வேண்டும் என்று பொருளே காட்டிக்கொடுக்கும். புள்ளிகள் மறையும் வரை பட்டி, பிரைமர், தூவல், தேய்ப்பு. பிறகு 400, கடைசியில் 800இல் தண்ணீர் தொட்டு.

விரலால் மட்டும் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கும். இயந்திரத்தில் கடைந்தது போல் தோன்ற வேண்டிய பொருளுக்கு மழுங்கிய விளிம்பைவிடக் கெட்ட அடையாளம் வேறில்லை. தூசியை மூச்சில் இழுக்காமலிருக்க முகமூடி போடுங்கள்.

ஒன்றுக்கு மேல் பிரதி வேண்டுமென்றால் சிலிகான் அச்சு எடுத்து வார்க்கலாம். பிளாட்டினம் வகை சிலிகான் அளவு மாறாமல் இருக்கும். தகர வகை காலப்போக்கில் சற்றுச் சுருங்கும். ஆனால் பிளாட்டினம் வகைக்கு ஆகாதவை பல. கந்தகம் கலந்த களிமண், லேட்டக்ஸ் கையுறை, சரியாக உலராத ரெசின் பிரிண்ட் ஆகியவற்றில் பட்டால் இறுகாமல் பிசுபிசுத்து நின்றுவிடும். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்த பிறகே முழு அச்சையும் ஊற்றுங்கள். அச்சுக்குள் யூரித்தேன் ரெசின் ஊற்றி வார்க்கும்போது ரசாயன ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது.

உலோகமாகக் காட்டுவது

வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பாவை நேரடியாக அடித்தால் சாம்பல் பிளாஸ்டிக் போல்தான் இருக்கும். அடியில் பளபளக்கும் கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பின் உலோகப் பெயின்ட்டை மெல்லிய பூச்சுகளாக ஏற்றினால் ஆழம் வரும். பாதுகாப்புக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடிப்பது பலருக்குப் பழக்கம். பல உலோகப் பெயின்ட்கள் அதில் மங்கிவிடும். ஒரு வீணான துண்டில் அடித்துப் பார்த்து, மங்கினால் அந்த இடத்தைக் கோட் இல்லாமலே விடுங்கள். கறுப்பு உலோகத்துக்கு மட்டான கறுப்பின் மேல் கிராஃபைட் தூளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துப்பாக்கி உலோகத்தின் நிறம் அப்படியே வரும்.

தேய்மானம் காட்டுவதில்தான் கை ரொம்ப நீளும். எல்லா விளிம்பிலும் ஒரே அளவு வெள்ளி தடவினால் பொய் என்று பார்த்த உடனே தெரியும். இதை ஒருவன் பத்து வருடம் பயன்படுத்தினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையிலிருந்து உருவும்போது எந்த விளிம்பு உரசும்? கட்டைவிரல் எங்கே படும்? மேசையில் எந்தப் பக்கமாகக் கிடத்துவான்? அங்கே மட்டும் கறுப்பு போய் அடி உலோகம் தெரியட்டும். அழுக்கு இதற்கு நேர்மாறு. கை படாத மூலையில், திருகாணியைச் சுற்றி, பள்ளத்தில் சேரும். நீர்த்த கறுப்பு-பழுப்புப் பெயின்ட்டைப் பூசி, மேட்டில் மட்டும் துடைத்தெடுத்தால் போதும். இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று தோன்றும்போது கீழே வைத்துவிடுவது நல்லது.

விளக்கு

எளிய எல்.இ.டி. விளக்குக்குக் கணக்கு ஒரு வரிதான். மூன்று ட்ரிபிள்-ஏ செல் சேர்ந்தால் 4.5 வோல்ட். நீல எல்.இ.டி. எடுப்பது சுமார் 3.2. மிச்சம் 1.3 வோல்ட்டை 20 மில்லிஆம்பியரால், அதாவது 0.02ஆல் வகுத்தால் 65 ஓம். கடையில் அதற்கு அடுத்து மேலே கிடைப்பது 68 ஓம். ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் கொஞ்ச நேரம் பிரமாதமாக எரியும், பிறகு எரியாது.

கணக்கைவிடத் தொல்லை தருவது ஒளிக்கசிவு. மெல்லிய பிளாஸ்டிக் சுவர் வழியாக வெளிச்சம் தெரிந்தால் மாயை கலைந்துவிடும். ஒட்டுவதற்கு முன் உட்புறம் முழுக்கக் கறுப்பு அடியுங்கள். பேட்டரி மாற்றப் பிரிக்கும் வழியைத் தொடக்கத்திலேயே வடிவமைத்துவிடுங்கள். லித்தியம் செல் போடுவதென்றால் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், எங்கும் நசுங்காதபடி பொருத்துங்கள்.

வேறொருவரிடம் கொடுக்கும்போது

செய்பவரின் முடிந்த வேலைப் படங்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சாயம் பூசுவதற்கு முந்தைய படங்களைக் கேளுங்கள். பிரைமர் நிலையில் பொருள் பொய் சொல்லாது. அவர் முன்பு செய்த பொருளைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது. எப்படி இருக்கிறது என்பதோடு, சொன்ன நாளில் வந்ததா என்றும் கேளுங்கள்.

அந்த ஒரு பக்கத் தாளையும் படங்களையும் கொடுத்து, எழுத்தில் விலை வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். பொருள் வாங்க ஒரு பங்கு, பிரைமர் நிலைப் படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, முடிந்த பொருளின் வீடியோவைப் பார்த்த பின் மீதி என்று பிரிப்பது இருவருக்கும் நியாயம். வடிவத்தில் திருத்தம் சொல்வதென்றால் பிரைமர் நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயம் பூசிய பிறகு 'இந்தப் பட்டனை மூன்று மில்லிமீட்டர் தள்ளலாமா' என்று கேட்டால் அது புது வேலை, அதற்குப் புதுக் கூலி. தாமதம் இந்தத் தொழிலில் சகஜம். தாமதத்தைச் சொல்லாமல் மறைப்பவரோடுதான் பிரச்சினை, அதனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை படம் அனுப்புவார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வரைகோப்பும் அச்சும் யாருக்குச் சொந்தம், இதே பொருளை அவர் பிறருக்கும் விற்பாரா என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

இன்னொருவர் உழைத்துச் செய்த நகலை வாங்கி, அதன் மேல் அச்செடுத்து மலிவாக விற்பவர்கள் உண்டு. 'ரீகாஸ்ட்' என்பார்கள். அது அறமில்லாத வேலை என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு முறை அச்செடுக்கும்போதும் விவரம் மழுங்கும், அளவும் கொஞ்சம் சுருங்கும். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் மூலம் எது என்று கேளுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. சொந்த அலமாரிக்கு ஒன்று செய்வதும், பத்து செய்து விற்பதும் ஒன்றல்ல. ஸ்டார் வார்ஸ் படையினரின் ஹெல்மெட்டைப் படத்துக்குச் செய்து கொடுத்தவரே பின்னாளில் பிரதிகளை விற்றபோது வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது 'சிற்பம்' அல்ல என்று 2011இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே அவர் மேல் வழக்காடலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நாட்டுக்கு நாடு மாறும் விஷயம் என்பதால் விற்கும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். துப்பாக்கி வடிவமானால் பொது இடத்தில் திறந்து எடுத்துப் போகவே கூடாது. எவ்வளவு விண்வெளித்தனமாக இருந்தாலும் தூரத்தில் நிற்கும் காவலருக்கு அது துப்பாக்கிதான். விமானத்தில் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். நுனியில் ஆரஞ்சு நிறம் கேட்கும் நாடுகளும் உண்டு. கழற்றி மாட்டும்படி ஓர் ஆரஞ்சு மூடி செய்துகொண்டால் வெளியே கொண்டுபோகவும் அலமாரியில் வைக்கவும் ஆகும்.

அனுப்பும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களைப் பிரித்துத் தனித்தனியே சுற்றுங்கள், பெட்டிக்குள் பெட்டியாக வையுங்கள். குமிழ் உறையை (பபிள் ராப்) நேரடியாகப் பெயின்ட்டின் மேல் சுற்றக் கூடாது. தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும் பெயின்ட் உள்ளே இன்னும் இளக்கமாக இருக்கும், அதில் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். முதலில் மெல்லிய டிஷ்யூ தாள், அதற்கு மேல் குமிழ் உறை. அதற்கும் முன்னால் பொருளை முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை, சில நாள் கழித்துச் சுற்றலாம்.